வெளிச்சவீட்டு மதிலோரம்

என் அப்பா தீவின் கோடியிலிருந்த வெளிச்சவீட்டில் விளக்கேற்றும் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் காலத்துக் கோபுரம். பின்னேரமானால் மண்ணெண்ணெயைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். சண்டை தொடங்கியதும் விளக்கு நின்றுபோனது. எல்லோரோடும் நாங்களும் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனோம். அப்பா அகதி முகாமிலேயே கண்ணை மூடினார்.

எனக்கொரு அண்ணன் இருந்தான். நான் பிறக்க முன்னரே, தவழ்கிற வயதில், காய்ச்சலில் செத்தவன். அது மாரிகாலம். பாதையெல்லாம் வெள்ளம், சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லை. வெளிச்சவீட்டு மதிலோரம் அடக்கம் செய்து, தலைமாட்டில் ஒரு முருகைக்கல்லை நட்டார் அப்பா. வெள்ளம் வடிந்த பிறகுதான் பங்குச் சுவாமி வந்து மந்திரித்தார்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டது அந்த இடத்தைத்தான். வெளிச்சவீட்டைச் சுற்றி இப்போது முள்ளுக்கம்பி, உள்ளே நேவி முகாம். வருசக்கணக்காகக் கேட்டுப் பார்த்தோம். போன வருசம், கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற ஆத்துமாக்கள் திருநாளுக்குத்தான், சுவாமி கதைத்ததில், கொஞ்ச நேரம் போய்வர விட்டார்கள்.

ஒரு இளம் சிப்பாய் கூட வந்தான். கோபுரத்தில் சூரிய ஒளியில் தானாக எரிகிற விளக்கு. அம்மா அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மெழுகுதிரிகளை நெஞ்சோடு அணைத்தபடி கோபுரத்துக்குப் பின்னால் போனவ, அப்படியே நின்றுவிட்டா.

"மகள், மதில் எங்கை?"

மதில் இல்லை. கோபுரத்தின் அடிவாரத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது.

"மதிலுக்கு அங்காலை தென்னை நிண்டது. அதுக்கும் அங்காலைதான் கடல்," என்றபடியே தண்ணீருக்குள் இறங்கினா. குனிந்து கையால் அடிமண்ணைத் துழாவினா. சேலை நனைந்து காலைச் சுற்றியது. நான் பின்னால் போய் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, வாங்கோ. கடல் எடுத்திட்டுது."

"அவனையுமே?"



சிப்பாய் கரையிலிருந்து, "அம்மா என்ன தேடுறது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"பிள்ளையை," என்றேன்.

அவனுடைய முகம் மாறியது. "பிள்ளையா? தண்ணியிலா?" சப்பாத்தோடு அப்படியே ஓடிவந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அங்குமிங்கும் தேடத் தொடங்கினான். செத்தவன் என்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. கையை ஆட்டினேன், அவன் இன்னும் பதறினான்.

அம்மாதான் அவனுடைய கையைப் பிடித்தா. "வாங்கோ தம்பி. அவன் செத்துக் கனகாலம்."

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களோடு நின்றான். வாசலிலிருந்து யாரோ விசிலடித்துக் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. நனைந்த மெழுகுதிரிகளை அம்மா கடலில் விடவுமில்லை, என்னிடம் தரவுமில்லை. வீடு வரும்வரைக்கும் ஓட்டோவில் அவ அதுகளை மடியிலேயே வைத்திருந்தா.