சர்க்கரையும் தேங்காயெண்ணெயும்

பைக் செயினை மாட்டிய மகன் கிரீஸ் படிந்த கையோடு வந்தான். "சக்கரையும் தேங்கா எண்ணெயும் தேச்சா போய்டுமாம், போன்ல ஒருத்தன் போட்டுகீறான்" என்றான். கலந்து கொடுத்தேன். அந்த வாசனை என்னை நான் வளர்ந்த ராயபுரத்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். வேலை விட்டு வந்ததும் வாசலில் குந்தி, அம்மா கிண்ணத்தில் நீட்டும் சர்க்கரையையும் எண்ணெயையும் தேய்ப்பார். ஓடிப்போனால், "இரும்மா, கை கலீஜா கீது" என்பார். கழுவி, மோந்து பார்த்த பிறகுதான் என்னைத் தூக்குவார்.

ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். கொண்டுவந்து கிடத்தியதும் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

"இரும்மா, கை கலீஜா கீது" என்றாள் அம்மா. கிண்ணத்தை எடுத்துவந்து விரல் விரலாகத் தேய்த்துத் துடைத்தாள். மோந்து பார்த்தாள்.

"இப்ப புடிச்சிக்கோ."

மகன் கழுவிய கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.