நாலாம் நம்பர் செய்த பெஞ்சு

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த அந்த அம்மாளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருக்கை எண்தான் பெயர். அவள் நாலு. பக்கத்து இருக்கைக்காரி அஞ்சு. ஓய்வு பெற்ற பிறகும் அஞ்சு போன் செய்தால், “ஏய் நாலு, இருக்கியா?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் சமையலறை முக்காலியின் கால் கழன்றது. தச்சுக்கடைக்காரர் அதைத் திருப்பிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதோடு மல்லுக்கட்டுவதைவிட பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. முக்காலிக்குக் கால் மாட்டுவது எப்படி என்று செல்போனில் தேடினாள். தாடி வைத்த ஒருவரின் வீடியோ வந்தது. அவர் பேசியது என்ன பாஷை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல், ரம்பமும் உளியும் இழைப்புளியுமாக ஒரு காலைச் செதுக்கி, துளையில் இறக்கி, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். அது போய் உட்கார்ந்த சத்தத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தொலைபேசி நிலையத்தின் பழைய இணைப்பு மேஜையில் வயர் முனையைச் சரியான துளையில் செருகும்போது இதே சத்தம்தான் வரும். அந்த மேஜையைக் கழற்றிக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அதை அவள் கேட்டதில்லை.

ஒரே வாரத்தில் தாடிக்காரரின் வீடியோக்கள் அத்தனையும் பார்த்து முடித்தாள். பழைய சாமான் கடையில் துருப்பிடித்த இழைப்புளி ஒன்றும் இரண்டு உளிகளும் கிடைத்தன. அவள் வீட்டுக்காரர் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மகா சிக்கனம். “கையைக் கிழிச்சுக்கிட்டு என்னை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வைக்காதே” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கை கிழியவில்லை, மரம்தான் கிழிந்தது. தாடிக்காரர் தள்ளினால் சுருள் சுருளாக வந்தது. இவள் தள்ளினால் எலி கடித்த மாதிரி பொடிப்பொடியாக வந்தது. இழைப்புளியின் அலகைச் சாணைக்கல்லில் எந்தச் சாய்வில் பிடிக்கிறார் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தாள். பிடிபடவில்லை. ஒரு மத்தியானம் அலுத்துப்போய் செல்போனைக் குப்புற வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காதில் விழுந்தது. அவருடைய அலகு கல்லில் ‘சர்’ரென்று வழுக்கிப் போனது. தன்னுடையது சுரண்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

குரலை வைத்தே யாருக்குக் காய்ச்சல், யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்த காது அது. அன்றிலிருந்து அவள் படம் பார்ப்பதை விட்டுவிட்டுப் படம் கேட்க ஆரம்பித்தாள். ஆறாம் நாள் இழைப்புளி ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே மூச்சாக ஓடியது. வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக ஒரு சுருள் எழுந்து வந்தது. அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் மேல் வைத்தாள். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கீழே போடவில்லை.

முக்காலி நிமிர்ந்து நின்றது. அடுத்தது இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு என்று முடிவு செய்தாள். அதில் ஒரு சிக்கல். பலகை நகராமல் பிடிக்க, தாடிக்காரரிடம் இடுக்கி பொருத்திய பெரிய மேஜை இருந்தது. இவளிடம் இருந்தது வீட்டுக்காரரின் எழுபத்தெட்டு கிலோ. பால்கனியில் இரும்புப் பெட்டியின் மேல் பலகையைப் போட்டு, அவரை ஒரு முனையில் உட்கார வைத்தாள். தினம் மத்தியானம் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் கையிலிருந்த பேப்பர் தீர்ந்துபோய் அவர் பேச ஆரம்பித்தார்.

கல்யாணமான புதிதில் அவருக்கு வேலை வேறு ஊரில். இரண்டு வருஷம் பிரிந்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் அவர் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று போன் செய்வார். அஞ்சுதான் அதை நாலுக்குக் கொடுப்பாள். மூன்று நிமிஷக் கெடு தாண்டினாலும் இணைப்பை வெட்டமாட்டாள். லேசாக ஒரு செருமல் மட்டும் கேட்கும்.

“அந்தச் செருமல்தான் என்னைக் கெடுத்தது. அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்னத்தைப் பேசறது? மழை பெஞ்சுதான்னு கேட்பேன்.”

நாலுக்கு அந்த மழை நன்றாக நினைவிருந்தது. வாராவாரம் மழையைப் பற்றியே விசாரிக்கிறாரே, மனுஷனுக்கு வேறு நினைப்பே கிடையாதா என்று வீட்டுக்கு வந்து அழுத நாட்களும் உண்டு. இழைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: “மழை இல்லாம வேற என்ன கேட்க நினைச்சீங்க?”

அவர் பலகையின் ஓரத்தைத் தடவினார். இழைப்புளிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீ இல்லாம அந்த ரூம்ல விளக்குப் போடவே பிடிக்கலைன்னு.”

அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. தள்ளிய கையை நிறுத்தினால் அவர் கூசிப்போய் எழுந்துவிடுவார் என்று தெரியும். அந்தப் பக்கம் ஏற்கனவே வழவழப்பாகிவிட்டது. இருந்தாலும் இன்னும் பத்துத் தரம் இழைத்தாள். கண்ணீர் மறைத்ததில் ஒரு மூலை கொஞ்சம் கூடுதலாகவே தேய்ந்தது.

மறுநாள் அஞ்சுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே வெகுநேரமாயிற்று.

“அடிப்பாவி, நான் எங்கே கேட்டேன்? உங்க லைனைப் போட்டதும் காதுல மாட்டினதைக் கழட்டிடுவேன். மைக் கழுத்துல தொங்கிட்டு இருந்திருக்கும். அந்த ஹால் தூசிக்கு எனக்கு எப்பவும் தொண்டை கரகரன்னு இருக்கும்டி. அண்ணன்கிட்ட சொல்லு, ஒரு வார்த்தைகூட நான் கேட்கலைன்னு.”

சொன்னாள். அவர் தோள் குலுங்கியது. பலகை ஆடுகிறது என்று அவள் அதட்டும் வரைக்கும் சிரித்தார்.

பெஞ்சு முடிய நாலு மாதம் ஆனது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. தாடிக்காரர் காட்டியபடி மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக அறுத்தாள்; இன்னொன்று குட்டையாயிற்று, திரும்பவும் அறுத்தாள். சமமானபோது பெஞ்சு முழங்காலுக்கு வெகுகீழே போயிருந்தது. ஒரு மூட்டில் நகம் நுழையும் அளவு இடைவெளி. அதில் ஒரு மரச்சில்லைச் செருகி மறைத்தாள். தெரியாதவர்களுக்குத் தெரியாது.

இப்போது சாயங்காலத்தில் இரண்டு பேரும் அதில் உட்காருகிறார்கள். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. உயரமாக இன்னொன்று செய்யட்டுமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். இதுவே போதும் என்றுவிட்டார் அவர்.