பெரியம்மாவுக்கு நான் நடத்திய வரலாற்றுப் பாடம்

எனக்குப் பத்து வயதானபோது ஒரு மாணவி கிடைத்தார். மாணவிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. என் அம்மாவின் அக்கா.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் பெரியம்மாவின் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிந்ததும் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, அக்கரையில் மாக் மண்டினில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நாள் முழுக்க டின்களில் பிஸ்கட் அடுக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் வெண்ணெய் வாசம் வந்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் எல்லோரிடமும் நீல அடையாள அட்டை இருந்தது. பெரியம்மாவிடம் மட்டும் சிவப்பு. அம்மா பினாங்கில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். பெரியம்மா பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பிறப்பைப் பதிய டவுனுக்குப் போக வேண்டும். போனால் ஒரு நாள் வேலை கெடும். தாத்தா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசிவரை போகவே இல்லை. இந்த மண்ணில் பிறந்து, இதைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத பெரியம்மா இந்த நாட்டுப் பிரஜை இல்லாமல் போனது இப்படித்தான். எனக்கோ அப்போது அது வெறும் நிற வித்தியாசம். நீலத்தைவிடச் சிவப்புதான் அழகு என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த வருடம் குடியுரிமை நேர்காணலுக்கு அவருக்கு அழைப்பு வந்தது. மலாயில்தான் பேச வேண்டும், நாட்டைப் பற்றியும் நாட்டின் பெரிய மனிதர்களைப் பற்றியும் கேட்பார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் துள்ளிக் குதித்தேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்குப் பெரிய மனிதர்கள் என்றால் பைத்தியம். நாளிதழிலிருந்து அவர்கள் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். பள்ளிப் புதிர்ப்போட்டியில் அவர்களை வைத்தே பரிசும் வாங்கியிருந்தேன். இந்தப் பொறுப்பை வேறு யாரிடம் கொடுக்க முடியும்?

வகுப்பு அடுப்படியில் நடந்தது. பெரியம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் அடிக்கோலுடன் பாடம் எடுப்பேன். கேள்வி கேட்டால் மாணவி எழுந்து நிற்க வேண்டும் என்று முதல் நாள் சொன்னேன். மூட்டு வலி என்று அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் அந்த விதியைத் தளர்த்தினேன்.

அவரிடம் ஒரே ஒரு குறை. பெயர்கள் நிற்கவில்லை. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் காணாமல் போயிருக்கும். ஆனால் செய்த காரியங்கள் ஒன்றுவிடாமல் நின்றன. கப்பல்களில் வீரர்களையும் குதிரைகளையும் ஏற்றி வந்து கடாரத்தை வென்ற சோழ மன்னனைச் சொன்னேன். அத்தனை குதிரைகளுக்கும் கடல்மேல் குடிதண்ணீருக்கு என்ன செய்தான் என்று கேட்டார். இந்தத் தீவில் இறங்கிய ஆங்கிலேயக் கப்பல்காரர், காட்டை வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையைச் சொன்னேன். பெரியம்மா சிரித்துவிட்டு, “வெட்டுனவங்க பேரு என்னா டீச்சர்?” என்றார். புத்தகத்தில் அது இல்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்கக்கூடாது என்று அதட்டினேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரனோடு போரிட்ட வடநாட்டு ராணியின் கதை. அந்த ராணியின் பெயரில் பிற்காலத்தில் ஒரு பெண்கள் படை அமைந்தது, நம் மலாயாத் தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள் என்று சொன்னபோது, நெத்திலி கிள்ளிய கை நின்றது. “பால்மரம் வெட்டுற கையில துப்பாக்கியா?” என்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதை மட்டும் மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

நேர்காணல் நாளில் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். பெரியம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கட்டும் மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஒரு மலாய் அதிகாரி. ‘மக்சிக்’ என்று, மலாயில் மூத்த பெண்களை அழைப்பதுபோல் மரியாதையாகத்தான் அழைத்தார். சுவரோரம் நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

முகவரி, வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நாட்டின் முதல் பிரதமர் யார் என்றார். இதைவிட எளிய கேள்வி உண்டா! நோட்டின் முதல் பக்கமே அவர்தான். பெரியம்மா வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, வகுப்பில் சொல்வதுபோல் அந்தப் பெயரை உரக்கக் கத்திவிட்டேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் உன்னைக் கேட்கவில்லையே அம்மா என்று மெதுவாகத்தான் சொன்னார். உட்கார்ந்தேன்.

அப்போது பெரியம்மா பேசத் தொடங்கினார். ஃபெரியிலும் தொழிற்சாலையிலும் பழகிய மலாயில், தட்டுத் தடுமாறித்தான்.

“பேரு வாயில வரல ஐயா. ஆனா அவரு குரலக் கேட்டிருக்கேன்.”

சுதந்திர தினத்தன்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தன் வீட்டு ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைத்தாராம். லயத்து ஜனம் முழுக்க முற்றத்தில் நின்றதாம். ஐந்து வயதுப் பெரியம்மா தாத்தாவின் தோள்மேல். ரேடியோவில் அந்த மனிதர் விடுதலை என்று முழங்க, அங்கே கூட்டம் திருப்பி முழங்கியிருக்கிறது. ஏழு முறை. ஏழு முறையும் தாத்தாவும் சேர்ந்து கத்தியிருக்கிறார்.

“எங்கப்பா கத்துறப்பல்லாம் என் ரெண்டு காலும் அதிரும். அவருக்கு மலாய் தெரியாது. ஆனா அழுதாரு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். பெரியம்மா எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ பாடம் நடத்திக்கிட்டு இருந்தல்ல. நடுவுல பேசுனா டீச்சருக்குக் கோபம் வருமே” என்றார்.

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா படித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று ஒரே வரி. காரணம் எதுவும் இல்லை. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். நான் கத்தியதுதான். பின்னறைக்குப் போய் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பெரியம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “உன் சத்தத்துக்கெல்லாம் கவர்மெண்டு பயந்துருமா லா?” என்று சிரித்தார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, கடிதத்தை அதற்குள் வைத்தார். உறையில் ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் இருந்தன. அதே முத்திரை, அதே மடிப்பு. ஒன்று ஓரம் பழுத்துப் போயிருந்தது. என்னவென்று கேட்டேன். பழசு என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பெரியம்மாவுக்கு நீல அட்டை கிடைத்தது. அடுத்து வந்த தேர்தலில் மஞ்சள் சேலையில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையை எனக்குக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். விரல்தான் தெரிந்தது, முகம் சட்டத்துக்குள் வரவில்லை. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் கடிதம் வந்த அந்தச் சாயங்காலம், பெயரை மறந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நோட்டை எடுத்துவந்து, முதல் பிரதமரின் பெயரைப் பத்து முறை எழுதச் சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெரியம்மா, முகம்கூடக் கழுவாமல், தரையில் குனிந்து பெரிய பெரிய எழுத்துகளில் பத்து முறையும் எழுதினார். கடைசி வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டமிட்டு, பத்துக்கு ஒன்பது போட்டேன். அடுத்த முறை இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று எச்சரித்தேன். வரும் டீச்சர் என்று தலையாட்டினார். எனக்கு முன்னால், அந்த இரண்டு கடிதங்களுக்கும் முன்னால், இதே பெயரை அவர் எத்தனை முறை எழுதிப் பார்த்திருப்பார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.