ரத்தக்காட்டேரியும் என் மகளின் விரதமும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். என் மகள், வயது பதினொன்று. நான். பக்கத்துக் கட்டிலில் கண்டமங்கலத்துப் பெண், காலேஜில் படிக்கிறது. அதன் அப்பா, பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறவர். நர்ஸம்மா ஒருவர். அப்புறம் அந்தப் பெண்ணின் போனுக்குள் ஒரு துப்பறிவாளன். அவனைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் அவன் இல்லாவிட்டால் அன்று நடந்தது நடந்திருக்காது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிற அறை அது. என் மகளுக்கு உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. பிறந்ததிலிருந்தே அப்படி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓடுவாள், சண்டை போடுவாள். நாள் ஆக ஆக வெளுத்துப்போவாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கண்டமங்கலத்துப் பெண்ணுக்கும் அதே வியாதி. அங்கே பழகித்தான் இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டன.

நாங்கள் மேல்சித்தாமூர் பக்கம். சமணர்கள். எங்களை நயினார் என்று கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. சிலர் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். நான் அவ்வளவு கண்டிப்பு இல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறேன். கடலை வருகிற காலத்தில் மூட்டை வந்துகொண்டே இருக்கும். இருட்டின பிறகு ஒரு டீ குடித்ததுண்டு.

என் மகள் குடிக்க மாட்டாள். அந்த வருஷம் கோயிலில் எல்லோர் முன்னாலும் அவளாகவே போய் நின்று விரதம் எடுத்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பொழுது போனால் எதுவும் சாப்பிடுவதில்லை என்று. யாரும் தூண்டவில்லை. எனக்கே அங்கே போய்த்தான் தெரியும்.

அன்றைக்கு முகூர்த்த நாள். திண்டிவனத்தில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினோம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நடுவில் அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். பாதி வழியில் ஒரு அம்மா மடியில் உட்காரவைத்துக்கொண்டார்கள். விழுப்புரம் போய்ச் சேரும்போது மத்தியானம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். பொருத்தம் பார்க்க நேரம் ஆகும், காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தோம். அப்போதுதான் அந்தப் படம்.

ஜப்பான் படம். நான் பொம்மைப்படம் என்றேன். "அனிமேப்பா" என்று மகள் திருத்தினாள். தமிழில் பேசவைத்திருந்தார்கள். கதையில் ஒரு துறைமுக ஊர். காசு கொடுத்துக் குளிக்கிற விடுதி ஒன்று, மூடிப்போனது. அதன் மாடியில் குடியிருக்கிறான் ஒரு ரத்தக்காட்டேரி. ஒல்லியாக, நீளமாக இருக்கிறான். தொழில் துப்பறிவது. கீழே ஒரு விதவை நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். பகலில் ஊரில் நடந்ததை எல்லாம் பொழுது போனதும் அவனுக்குச் சொல்வாள், திட்டிக்கொண்டே சொல்வாள். துணைக்கு ஒரு போலீஸ்காரன். அவனுக்கு இருட்டு என்றால் பயம்.

செத்தவர்களின் ரத்தத்தை மோந்தே துப்பறிவாளன் சொல்லிவிடுகிறான். இந்த ஆள் பயந்து செத்தார். இந்த ஆள் பயப்படவில்லை, அப்படியென்றால் கொன்றவன் தெரிந்தவன். இப்படி.

எனக்குப் பிடித்தது வேறொன்று. யாராவது "வாங்க" என்று கூப்பிட்டால்தான் அவன் வாசல்படி தாண்டுவான். கொலைகாரன் வீடாக இருந்தாலும் மழையில் நனைந்துகொண்டு வெளியிலேயே நிற்பான். மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். ரத்தம் குடிக்கிறவனுக்கு எதற்குக் கொலைகாரனைப் பிடிக்கிற வேலை என்றும் யோசித்தேன். அது புரியவில்லை. புரியாததால் மேலும் பார்த்தேன்.

"பகல்ல இன்னா பண்ணுவான் இவன்?" என்று கண்டமங்கலத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"தூங்குவான் அங்கிள்."

"இட்லி கிட்லி தின்ன மாட்டானா?"

"தின்னா வாந்தி எடுத்துடுவான். ராத்திரி ரத்தம் மட்டும்தான்."

"எங்க மச்சான் மாதிரிதான்" என்றார் அதன் அப்பா. "பகல் பூரா தூக்கம். பொழுது போனா குடி."

"அப்பா, சும்மா இருப்பா. சவுண்டே கேக்கல."

வெயில் இறங்கிவிட்டது. நர்ஸம்மா ரத்தப் பையோடு வந்தார். அதே நேரம் படத்தில் அவன் தன் அறையில் ஒரு ஐஸ்பெட்டியைத் திறந்தான். உள்ளே அதே மாதிரிப் பை. அதே சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே கடலில் சூரியன் முழுகியது. அதுவரை பொறுத்திருந்துவிட்டு எடுத்துக் குடித்தான். வெளுத்துக் கிடந்த முகம் சிவந்தது. கூனிக் கிடந்தவன் நிமிர்ந்தான்.

என் மகள் படத்தை நிறுத்தினாள். நர்ஸம்மா கையில் இருந்த பையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா, நானும் இப்படித்தானே?"

நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

"பொழுது போவப் போவுது. எனக்கு வேணாம்."

"இன்னாது வேணாம்?" நர்ஸம்மா கம்பியில் பையை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஐஸ்பெட்டில இருந்து எடுத்தாச்சு பாப்பா. அரை மணிக்குள்ள ஏத்தணும். விட்டா கீழதான் கொட்டணும். கைய நீட்டு ஜல்தி."

"பொழுது போனா நான் எதுவும் சாப்பிட மாட்டேன் சிஸ்டர். விரதம்."

"இது சாப்பாடா?"

"அவனுக்கு இதானே சாப்பாடு?" என்று போனைக் காட்டினாள்.

நர்ஸம்மா கண்டமங்கலத்துப் பெண்ணை முறைத்தார். "இன்னா பேஜாரு இது? உன்னை யாரு இதையெல்லாம் காட்டச் சொன்னது?" பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த குரூப்பில் இன்று இருந்தது இந்த ஒரு பைதான், நாளைக்கு வருமா தெரியாது என்றார். மத்தியானம் பார்த்ததில் அவள் ரத்த அளவு ஆறுகூட இல்லை. இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி மகளிடம் பேசினாள்.

"மருந்து மாதிரிதான் கண்ணு. ஏத்திக்க."

"காய்ச்சல் வந்தப்பகூட பொழுது போனா மாத்திர சாப்பிடலையேம்மா. நீதானே விடியட்டும்னு வச்சிருந்த?"

மனைவி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"பாக்கிறேன்" என்றேன்.

பிடித்து அழுத்தி ஊசி போட்டிருக்கலாம். சின்னதில் அப்படிச் செய்ததுண்டு. இப்போது கை வரவில்லை. அவள் அடம் பிடிக்கவில்லை. அழவும் இல்லை. இது சாப்பாடா இல்லையா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. எனக்கும் அது தெரியாது.

கண்டமங்கலத்துப் பெண்தான் முதலில் பேசியது. "ஏய், படத்துல அவன் கேஸ எப்படிக் கண்டுபிடிக்கிறான்? எல்லாரையும் கேட்டுத்தானே? நீயும் கேளு. கேக்காம இன்னா முடிவு?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"சிஸ்டர், இது வயித்துக்குப் போவுமா?"

"வயித்துக்கு எதுக்குப் போவுது? நரம்புல ஏறி நெஞ்சுக்குப் போயி உடம்பு பூரா சுத்தும்."

"குளுக்கோஸும் நரம்புலதானே ஏறுது? சாப்பிட முடியாதவங்களுக்கு அதான் சாப்பாடுன்னு போன தடவ நீங்கதானே சொன்னீங்க?"

"வக்கீலுக்குப் படிக்க வையிங்க நயினாரே" என்றார் கண்டமங்கலத்துக்காரர். "நல்லா வருவா."

எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏத்தினா உனக்குப் பசி அடங்குமாம்மா?"

"பசியா? ஏத்தின அன்னிக்குத்தான் அங்கிள் ரெண்டு தோசை கூடத் தின்பேன்."

"ரெண்டா?" என்றார் அதன் அப்பா.

மகள் யோசித்தாள். "அவனுக்குக் குடிச்சதும் பசி அடங்கிடுது. அக்காவுக்கு அடங்கல. எனக்கு எப்படின்னு நான் பாத்ததே இல்ல. எப்பவும் சாப்பிட்டுட்டுத்தான் ஏத்திக்குவேன்."

ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வீட்டில் வைத்துக் கொடுத்த இட்லி. பொடி தடவியது. மத்தியானம் அலைச்சலில் அவள் சாப்பிடவில்லை.

"ரெண்டு தின்னுடு கண்ணு. நேரம் இருக்குது."

அவள் மூடியை எடுத்து மூடினாள். "தின்னுட்டா எப்படித் தெரியும்? பசியோட இருந்தாத்தான் தெரியும். ஏத்தட்டும். பசி அடங்கிச்சுன்னா இது சாப்பாடு. அப்ப நிறுத்திடணும். சிஸ்டர், சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் என்னால பண்ண முடியாது" என்று நர்ஸம்மா என்னைப் பார்த்தார்.

"நிறுத்திடலாம்" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. ரத்தம் குழாயில் இறங்கிக் கைக்குள் போனது. ஜன்னல் இருட்டியது. வெளியே விளக்கு போட்டார்கள். இனி விடியும்வரை அவள் இட்லியைத் தொடமாட்டாள். விடிந்தால் அது பழையது, நாங்கள் பழையது தின்பதில்லை. அப்போதும் தொடமாட்டாள்.

படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு கப்பல்காரன் காணாமல் போயிருந்தான். நூடுல்ஸ் கடைக்காரி ஏதோ துப்பு சொன்னாள். நான் மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு விழுவதையும் பார்த்தேன்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். பசிக்கிறது என்றாள். எந்த அப்பாவும் பிள்ளை பசிக்கிறது என்று சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். நான் உட்கார்ந்திருந்தேன்.

பையில் பாதி இறங்கியிருக்கும். அவளாகவே சொன்னாள். "அப்பா, பசி கொஞ்சம் கொறஞ்சாப்பல இருக்குது."

கண்டமங்கலத்துப் பெண் படத்தை நிறுத்தியது. நர்ஸம்மா அடுத்த கட்டில் விரிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதை உருட்டினால் நின்றுவிடும். மீதி ரத்தத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. நான் எழுந்தேன். சொல்லிவிட்டேன் என்றால் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அடுத்த தடவை அவள் கையை நீட்ட மாட்டாள். சக்கரத்தில் விரலை வைத்தேன்.

"நயினாரே" என்றார் கண்டமங்கலத்துக்காரர். "அந்த இட்லிய நீங்களும் தின்ன மாட்டீங்க, பாப்பாவும் தின்னாது. எதுக்கு வீணாப் போவுது? நான் எடுத்துக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாக்ஸைத் திறந்துவிட்டார். எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் மணந்தது. அறை பூராவும் மணந்தது. ஒரு இட்லியைப் பிட்டு எண்ணெயில் ஒற்றி எடுத்தார்.

மகள் வயிறு சத்தம் போட்டது. சின்னச் சத்தம் இல்லை. மண்டியில் மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி.

"மழை வருதா இன்னா?" என்றார் அவர், வாயில் இட்லியோடு.

கண்டமங்கலத்துப் பெண் சிரிக்க ஆரம்பித்தது. நர்ஸம்மாவும் நிமிர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "வார்டுக்குள்ள யாரு உங்களைத் தின்னச் சொன்னது? வெளிய போங்க" என்று அவரைத் துரத்தினார். அவர் பாக்ஸோடு எழுந்து போனார். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அதையே கவனித்தாள். மறுபடி ஒருதரம் சத்தம் போட்டது.

"பசிக்குதுப்பா" என்றாள். "ரொம்ப."

சக்கரத்திலிருந்து விரலை எடுத்தேன்.

அவர் வேண்டுமென்றே திறந்தாரா, பசியில் திறந்தாரா என்று இதுவரை கேட்டதில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

"அப்ப இது சாப்பாடு இல்ல" என்றாள் மகள். "அவன் வேற. நான் வேற." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவனும் பாவம்தான். அவனுக்கு வேற எதுவும் ஒத்துக்காதே" என்றாள். காணாமல் போன கப்பல்காரன் கிடைத்தானா என்று நான் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்கள். நானும் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். துப்பறிவாளன் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே இருந்தவர்கள் அவனைக் கூப்பிடுவதாக இல்லை.

பை தீர்ந்ததும் ஊசியை எடுத்தார்கள். அவள் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் வயிறு சத்தம் போட்டது. நானும் அன்று டீ குடிக்கவில்லை.

விடிந்து சூரியன் நன்றாக வெளியே வந்த பிறகு எதிர்க்கடையில் சூடாக இட்லி வாங்கினேன். சட்னியில் வெங்காயம் பூண்டு இல்லை என்று கேட்டுக்கொண்டு வாங்கினேன். ஐந்து தின்றாள். இன்னும் வேண்டும் என்றாள். மறுபடி போனேன். நான் திரும்பி வரும்போது நர்ஸம்மா புதிதாக எடுத்த பரிசோதனைச் சீட்டோடு நின்றார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண் தெரியும். வாங்கி ரத்த அளவைப் பார்த்தேன்.

ஒன்பது புள்ளி இரண்டு.