லஸ்கர் நாகப்பன் அளந்த கடல்

"தண்ணிகிட்ட நான் பயந்தது கெடையாது. அதுதான் என்கிட்ட பயப்படணும். இத்தினி வருசத்துல, தண்ணில எறங்கும்போது எவன் கையையும் புடிச்சவன் இல்ல இந்த நாகப்பன். இனிமேலும் புடிக்கமாட்டான்."

1991ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் டீக்கடை ஒன்றில் இந்த அறிக்கை வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் வல்லம் வடகால் நாகப்பன், வயது நாற்பத்தெட்டு, பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, கரையோரம் நட்டிருக்கும் அளவுகல்லைப் பார்த்து எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நோட்டில் எழுதுவது ஆகியவை அவர் உத்தியோகம். கடையில் இருந்த ஏழு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஏழு பேருக்கும் அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது.

மதகு என்பது கரைமேல் நின்றபடியே இரும்புச் சாவி போட்டுத் திருகுகிற சமாச்சாரம். இருபத்தாறு வருட சர்வீஸில் நாகப்பனுக்கு முழங்காலுக்கு மேல் நனைந்ததை நேரில் பார்த்தவர் யாருமில்லை. நனைந்ததாக அவர் சொல்லிக் கேட்டவர்கள் மூன்று ஊரில் இருக்கிறார்கள். எண்பத்தைந்து வெள்ளத்தில் ஏரிக்கரை கசிந்தபோது உள்ளே குதித்து முதுகைக் கொடுத்து அடைத்தார் என்பது வரலாறு. அன்று அவர் குடை பிடித்துக்கொண்டு, மணல் மூட்டை போட்டவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். வருடங்கள் போகப்போக அந்தக் குடை மட்டும் வரலாற்றிலிருந்து காணாமல் போனது.

கோடையில் ஏரி காய்ந்து பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடத் தொடங்கியதும் லஸ்கருக்கு லீவு கிடைத்தது. மனைவி காந்திமதியின் தம்பி ராஜாமணி அந்தமானில், போர்ட் பிளேரில், மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறான். ஏழு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாகப்பன், காந்திமதி, ஒன்பதாவது முடித்த மகள் சசிரேகா மூவரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். மூன்று நாள் பயணத்தையும் நாகப்பன் மல்லாந்து படுத்தபடியே நடத்தி முடித்தார். கப்பல் சாம்பார் சரியில்லை என்றார். சாம்பாரை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

காந்திமதி இந்தத் தீவுக்கு ஒரே ஒரு காரியத்துக்காக வந்திருந்தாள். அவள் பிறந்த பக்கத்தில் மாசிமகத்தன்று புருசனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டு கடலில் மூன்று முழுக்குப் போடுவார்கள். கல்யாணமான புதிதில், "அடுத்த மாசிக்கு மாபலிபுரம் இட்டும்போறேன்" என்று நாகப்பன் வாக்குக் கொடுத்தார். அதன்பின் வந்த இருபத்திரண்டு மாசிமகத்திலும் மதகில் அவசர வேலை வந்துவிட்டது. மாசி தாண்டிவிட்டாலும் முழுக்கு முழுக்குதான். இங்கே மதகு இல்லை. கடலோ, மச்சான் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

ஆனாலும் ஏழு நாள் ஓடிவிட்டது. சசிரேகா தினமும் தண்ணீரில் கிடந்து கறுத்துப்போனாள். காந்திமதியோ கால் விரலைக்கூட நனைக்காமல் கரையில் காத்திருந்தாள். முதல் நாள் நாகப்பனுக்குக் கப்பல் கிறுகிறுப்பு. அடுத்து செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்து வடக்கே சூலம். பிறகு, முன்பின் தெரியாத தண்ணீரில் ஒரு சர்க்கார் ஊழியர் விசாரிக்காமல் இறங்கக்கூடாது என்ற விதி. அந்த விதி அன்றுதான் பிறந்தது.

கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் என்று ஆனபோது காந்திமதி கேட்டாள். "இன்னாங்க, இந்த தபா வுட்டா எனக்கு வேற கடல் எங்க கீது? எறங்குவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லிடுங்க."

"எறங்கமாட்டேன்னு யார் சொன்னது? அளவு பாக்காம எறங்கறவன் லஸ்கரே இல்ல."

மறுநாள் காலை நாகப்பன் ஒரு சவுக்குக் கழியில் சுண்ணாம்பால் அடிக்கணக்குக் கோடு போட்டு, அலை வந்து திரும்புகிற இடத்தில் நட்டார். நோட்டும் பென்சிலுமாகத் தென்னை நிழலில் குந்தினார். அந்தமான் கடலுக்கு அன்று ஒரு கணக்கு ஆரம்பிக்கப்பட்டது. ஏழு மணிக்கு முக்கால் அடி. எட்டு மணிக்குக் கால் அடி. ஒன்பதரைக்குத் தண்ணீர் கழியை விட்டுவிட்டு இருபது முப்பது அடி தள்ளிப் போய்விட்டது.

நாகப்பனின் முகம் மலர்ந்தது. "பாத்தியா காந்தி? எவனோ எங்கியோ மதகைத் தொறந்து வுட்டுகீறான். இதே கணக்குல போச்சின்னா நாளைக்குக் காலைல முழங்கால் அளவுதான் நிக்கும். அப்ப ஜோரா எறங்கிடலாம்."

ராஜாமணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். "மாமா, அது வேலை எறக்கம், கடல் தெனமும் இப்படி உள்ள வாங்கும். மத்தியானம் திரும்பி வந்துடும்."

"மச்சான், நீ மரம் அறுக்கறவன். தண்ணிய பத்தி என்கிட்ட பேசாத. ஏரியில போன தண்ணி திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

மூன்று மணிக்கு எல்லோரும் போய்ப் பார்த்தபோது தண்ணீர் திரும்பி வந்திருந்தது. கழியைக் காணவில்லை. நாகப்பன் நீண்ட நேரம் கடலைப் பார்த்தார். ஒழுங்கீனமான ஊழியனை மேலதிகாரி பார்க்கிற பார்வை அது. பிறகு நோட்டைத் திறந்து, 'அளவுகோல் திருட்டு' என்று எழுதினார்.

"நைனா, கடல் மேல போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கலாமா?" என்றாள் சசிரேகா.

"மூடிகினு கெட."

காந்திமதி சிரிக்கவில்லை. அது நாகப்பனுக்கு உறுத்தியது. அவள் சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில்களுக்கு அவரிடம் எப்போதும் பஞ்சமில்லை. அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். முழுக்குக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் புடவை பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் அவள் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்தபோது நாகப்பன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். சாம்பார் மேல் பழி போட வழியில்லை, அன்று மோர்க்குழம்பு.

கடைசி நாள். கப்பல் பிற்பகலில். அந்தத் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் வெயில் எட்டிப் பார்த்துவிடும். நாகப்பன் எழுந்தபோது பக்கத்தில் காந்திமதி இல்லை. பெட்டி திறந்து கிடந்தது. கருவாடு தரையில் இருந்தது. மஞ்சள் புடவையைக் காணவில்லை.

"அக்கா கடலுக்குப் போயிச்சி மாமா. ஒண்டியா முழுவிட்டு வரேன்னு சொல்லிச்சி," என்றான் ராஜாமணி, பல் விளக்கிக்கொண்டே.

ஏரிக்கரை கசிந்தபோதுகூட நாகப்பன் ஓடியதில்லை. அன்று ஓடினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினார். காந்திமதி முழங்கால் ஆழத்தில், கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கரையில் ஒரு நாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"ஏ காந்தி! இன்னாமே இது, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிச்சொல்லிதான இருவத்திரண்டு வருசம் போச்சி. நீங்க குந்துங்க. நான் ரெண்டு பேருக்கும் சேத்து முழுவிட்டு வரேன்." அவள் இன்னும் நாலு எட்டு உள்ளே வைத்தாள்.

நாகப்பன் அலையைப் பார்த்தார். அளவுகோலும் இல்லை, நோட்டும் இல்லை. முதல் அலை கணுக்காலைத் தொட்டது. இரண்டாவது முழங்காலைத் தொட்டது. அங்கே அவருடைய சர்வீஸ் அனுபவம் முடிந்தது. அதற்குமேல் ஒவ்வோர் அடியும் புது உத்தியோகம். காலடியில் மணல் நழுவியது. கரை எந்தப் பக்கம் என்பது ஒரு நொடி மறந்துபோயிற்று.

காந்திமதியின் மணிக்கட்டு கைக்கு எட்டியதும் அவர் பற்றிக்கொண்டார். எண்பத்தைந்தில் அந்தக் குடையைக்கூட அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கமாட்டார்.

"உனுக்கு பயமா இருக்கும்," என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "அதான் புடிச்சிகினு கீறேன்."

காந்திமதி நட்ட கல் மாதிரி அசையாமல் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "ரொம்ப பயமா கீது. வுட்டுடாதீங்க."

முதல் முழுக்கு. நாகப்பன் கண்ணை, மூக்கை, வாயை எல்லாம் இறுக மூடிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது ஒரு படி உப்புத் தண்ணீர் குடித்திருந்தார். ஆனாலும் உயிரோடு இருந்தார். அது அவருக்கே வியப்பாக இருந்தது.

காந்திமதி சிரித்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மெல்லத் தன் கையை உருவிக்கொண்டாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் கொண்டை போட்டு முடிக்கிறவரை கடலும் சும்மா இருந்தது. நாயும் போய்விட்டிருந்தது. பயப்படுகிறாள் என்று சொல்வதற்கு இப்போது அவள் முகத்தில் எதுவும் இல்லை.

நாகப்பன் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.