மாலை போட்டால் மாத்திரை எதற்கு

ஊசிப் போதையை விடுவதற்காகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சிகிச்சை மையத்துக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தேன். நர்ஸ் நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பார். அது கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கோபித்துக்கொண்டு முசிறிக்குப் போயிருந்த மனைவி, நான் ஊசியைத் தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பினாள். "இன்னொரு தடவைன்னா நான் வரவே மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டேன். "விரதத்துல அந்த மாத்திரை எதுக்குங்க? அதுவும் ஒரு போதைதானே. ஐயப்பன் பாத்துக்குவாரு" என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. மாத்திரையால் விட்டான் என்பதைவிடச் சாமிக்காக விட்டான் என்றால் கெத்தாக இருக்குமே! மையத்தில் ஒரு வார்த்தை கேட்காமலேயே மாத்திரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். திமிர், வேறென்ன?

சில நாட்களில் உடம்பு முறுக்கியது. மூக்கு ஒழுகியது. பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் என்று வீட்டில் சமாளித்தேன். பொன்மலைப் பக்கம் பட்டறை வேலை முடிந்து வரும்போது பழைய கூட்டாளி வண்டியை நிறுத்தினான். "என்ன சாமி, நடுக்கம் பலமா இருக்கு? ஒண்ணே ஒண்ணு, சரியாயிடும்." போனேன். செருப்புக்கூடப் போடாமல் விரதம் காத்தவன், கழுத்தில் மாலையோடு கையை நீட்டினேன். மாலையைக் கழற்றினால் விரதம் கெட்டுவிடுமாம்! அதில் மட்டும் கவனமாக இருந்தேன். சீ, எழுதவே கூசுகிறது.

அன்று சாயங்காலம் பூஜை முடிந்ததும் மனைவி என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். "சாமி, நல்லபடியா மலைக்குப் போயிட்டு வரணும்." காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"தொடாத. இன்னைக்கு ஊசி போட்டுட்டேன்."

குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் பையோடு கிளம்பிச் சத்திரம் வரை என்னோடு வந்தாள். முசிறி பஸ் புறப்படத் தயாராக நின்றது. போகப்போகிறாள் என்று நினைத்தேன். அதைத் தாண்டி மையத்துக்குள் நடந்தாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். நர்ஸ் என் கறுப்பு வேட்டியைப் பார்த்து, "சாமி, வாயைத் திறங்க" என்றார். மாத்திரையை வைத்துவிட்டு, "ஏன் நடுவுல நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க நிறுத்தச் சொன்னேன். தப்பு என்மேலதான்" என்றாள் என் மனைவி.

மாத்திரை இன்னும் கரையவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.