பின்வாங்கிய கால்

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் சீக்கிரமே இறங்கிவிட்டது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் செங்கோட்டை வைத்தியர் ஒருவர் நடத்தும் சிறிய மருத்துவ விடுதி இருக்கிறது. எலும்புக்கும் மூட்டுக்கும் எண்ணெய் வைத்தியம் செய்வார். ஜப்பான்காரர் ஒருவர் வந்து தங்கியிருப்பதாகவும், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றும் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஜப்பானில் சில வருஷம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அதே வேலையைத் தென்காசி வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தேன். காலையில் கொஞ்ச நேரம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

அறைக்குள் நுழைந்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. நான் ஜப்பானில் இருந்த காலத்தில் ரயில் நிலையச் சுவர்களில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த முகம். தேசிய கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர். இப்போது வலது முழங்காலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வைத்தியம் நடக்கும்போது அசையக் கூடாது. அதனால் பேசுவார். சின்ன வயதில் உடம்பு போதாது என்று பெரிய கிளப் ஒன்று இவரைக் கழித்துவிட்டது. பள்ளிக்கூட அணியில் ஆடி, குளிர்காலத்தில் நடக்கும் பள்ளிகளின் போட்டியில் பெயர் எடுத்தார். இரண்டாம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷனுக்கு வந்து, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனார். அங்கே முதல் குளிர்காலம் முழுக்கச் சொந்த அணிக்காரர்களே பந்தைத் தரவில்லை. எதிரியின் காலிலிருந்து தானே பறித்துத்தான் ஆடவேண்டியிருந்தது என்று சிரிக்காமல் சொன்னார். பிறகு உலகக் கோப்பை, புகழ், முழங்காலில் ஆபரேஷன், மறுபடியும் ஆபரேஷன். கடைசியில் ஊருக்குப் பக்கத்திலுள்ள சின்ன கிளப்புக்குத் திரும்பியிருந்தார்.

அந்தக் கிளப் இன்னும் ஒரு சீசன் ஆடக் கூப்பிட்டது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். அவர்கள் நாட்டில் நாற்பதைத் தாண்டியும் ஆடுகிறவர்கள் உண்டு. இவருக்கும் அந்த ஆசை இருந்தது. தினமும் நான் போனதும் முழங்காலைக் காட்டி, நேற்றைவிட வீக்கம் வடிந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்வார். வைத்தியர் பிடிகொடுக்காமல், பொறுங்கள் என்பார். அதை ஜப்பானிய மொழியில் சொல்லும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஏதோ மறைக்கிறேனோ என்பதுபோல.

என் தம்பி ஆயுதப்படைப் போலீஸ்காரன். போலீஸ் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். ஒரு மழைநாளில் என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டவன், வராந்தாவில் அவரைப் பார்த்துத் தன்னையறியாமல் விறைத்து நின்றான். அவர் அவனுடைய பூட்ஸ் பையைப் பார்த்தார். எந்த இடத்தில் ஆடுகிறான், எங்கே பயிற்சி என்று என் மூலம் விசாரித்தார். மறுநாள் தானும் அங்கே வருவதாகச் சொன்னார்.

வைத்தியரிடம் சொன்னபோது அவர் முகம் இறுகியது. வைத்தியம் முடியும்வரை பந்தைத் தொடக் கூடாது என்றார். ஓடமாட்டேன், சும்மா கொஞ்ச நேரம் என்றார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வைத்தியர், "அவரு காலு, அவரு இஷ்டம். ஆனா எனக்குச் சம்மதம் இல்லன்னு அப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். இவர் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுக் காரில் ஏறினார்.

தென்காசியில் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் தம்பியின் கூட்டாளிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. இவர் உள்ளே இறங்கியதும் ஆட்டமே மாறிவிட்டது. நின்ற இடத்திலிருந்து பந்தைத் தள்ளினார்; ஓடுகிறவன் எங்கே போய்ச் சேருவானோ அங்கே அது அவனுக்கு முன்னால் போய் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அவர் முழங்காலை விட்டுக் கண் அகலவில்லை.

திடீரென்று அவர் பந்தை மிதித்து நிறுத்தினார். என்னைக் கைகாட்டி அழைத்தார். பந்தைப் பறிக்க ஏன் யாரும் தன் காலுக்கு வரவில்லை என்று கேட்கச் சொன்னார்.

தம்பி தயங்கினான். "முட்டி சரியில்லன்னு தெரிஞ்சும் எப்படிக்கா காலை விடுதது? ஒண்ணுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

இதைக் கேட்டுவிட்டு அவர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "விட்டுக்கொடுத்து ஆடினால், என்னால் இன்னும் ஆடமுடியுமா என்று எனக்குத் தெரியவராது. வேறு யாராக இருந்தாலும் எப்படி வருவாரோ, அப்படியே வரச் சொல்லுங்கள்."

மெதுவாக ஆடச் சொல்கிறார் என்று தம்பியிடம் சொல்லியிருந்தால் அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வைத்தியரின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு, எல்லோரும் தன்னிடம் எதையோ மெத்தென்று மாற்றிச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே வாழ்ந்த கண்கள் அவை.

"ஏலே, எப்பவும் ஆடுத மாதிரியே வரச் சொல்லுதாரு. காலுக்கே வரச் சொல்லுதாரு" என்றேன்.

"நெசமாவா சொல்லுதாரு?"

"நெசமாத்தான்."

அடுத்த முறை பந்து அவரிடம் வந்தபோது தம்பி ஓடி வந்தான். கடைசி நொடியில் ஈரத் தரையில் சறுக்கிக் காலை நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது. தம்பி சேற்றோடு எழுந்து முதலில் அவர் முழங்காலைத்தான் பார்த்தான். அவர் நின்றபடியே இருந்தார். எங்கும் மோதவில்லை, அடி இல்லை. பசங்கள் கை தட்டினார்கள். அவர் தம்பிக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

காரில் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மேலகரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அவர் வருவதைப் பார்த்ததும் என் கால் தானாகப் பின்வாங்கியது. பந்தை விட்டுவிட்டது. என்னைவிட ஒரு தலை உயரமானவர்கள் வந்தபோதும் அது அப்படிச் செய்ததில்லை. முழங்கால் ஆறிவிடும். இது ஆறாது."

மறுநாள் காலை அவர் கிளப்புக்கு போன் செய்தார். மொழிபெயர்க்க வேலையில்லை, ஆனாலும் என்னை உட்காரச் சொன்னார். மிக மரியாதையான, தேர்ந்த வார்த்தைகளில் பேசினார். அந்தப் பக்கத்தில் யாரோ நீண்ட நேரம் வற்புறுத்துவது கேட்டது. அவர் இடது கை நாற்காலிப் பிரம்பை இறுகப் பிடித்திருந்தது. இத்தனை காலம் தன்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லி வைத்த பிறகும் அந்தக் கை உடனே தளரவில்லை.

அவர் ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்து ஓய்வை அறிவித்தார். பத்திரிகையாளர் கூட்டத்தை வீட்டில் லேப்டாப்பில் பார்த்தோம். காரணம் முழங்கால் என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். "அக்கா, என்னாலதான் நிறுத்திட்டாரோ?" என்று கேட்டான். பல நாளாக அதை வைத்துக்கொண்டிருந்தான் என்று குரலில் தெரிந்தது. காரில் அவர் சொன்னதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன்.

கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினான். பிறகு, "எனக்கும் பயந்தான்க்கா. ஓடும்போதே காலு நடுங்கிச்சு. ஆனா போயிட்டேன்" என்றான்.

வீரகேரளம்புதூரில் அவனுக்கு அன்றைக்குப் பந்தோபஸ்து டூட்டி. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.